போதைன்னு தூங்க விட்டுடாதீங்க, அது விஷமா இருக்கலாம்

 

நம்ம ஆலயத்துக்கு வர்ற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிகள் எல்லாருக்கும் தொண்டர்கள் நாங்க எழுதுறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்சிட்டு வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

போன வாரம் திருவிழா வேலைக்காக ஆலய ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கினோம். கோவிட் காலத்துல உபயமா வந்த கைகழுவுற சானிடைசர், பெரிய டப்பாவுல பாதி அப்படியே கிடந்தது. அது பரவாயில்ல. பக்கத்துல அஞ்சாறு மினரல் தண்ணி போத்தல். எல்லாத்துலயும் தண்ணி மாதிரியே தெளிவா ஏதோ இருக்கு. மூடியைத் திறந்தா ஸ்பிரிட் வாடை. போத்தல்ல பேரும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல. அன்னதானத்துக்குத் தண்ணி போத்தல் அடுக்கி வைக்கிற அதே அலமாரியில இது இருக்கு!

இதை வாட்சாப் குழுவுல போட்டதும் ரெண்டு விதமா பதில் வந்தது. ஒருத்தர், "குடிகாரனுங்க கையில கிடைச்சா அதையும் விடமாட்டானுங்க"ன்னு சிரிச்சு எழுதினார். இன்னொருத்தர், "கோயில் குழுவுல இதெல்லாம் எதுக்குப் பேசறீங்க"ன்னு கேட்டார். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. இது சிரிக்கிற விஷயமும் இல்ல, கோயிலுக்குச் சம்பந்தமில்லாத விஷயமும் இல்ல.

ஸ்பிரிட் வேற, குடிக்கிற சாராயம் வேற

ஊசி போடறதுக்கு முன்னாடி பஞ்சுல தொட்டுத் துடைப்பாங்களே, அந்த ஸ்பிரிட். பேக்டரியில மெஷின், ரோலர், எலெக்ட்ரானிக் போர்டு துடைக்கிறதுக்கு ஐ.பி.ஏ.ன்னு டிரம்ல வருமே, அதுவும் பெரும்பாலும் அதே சரக்குதான். முழுப்பேரு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பேருல "ஆல்கஹால்" இருக்கு. அதனால, "பீர்லயும் ஆல்கஹால்தானே இருக்கு, இது கொஞ்சம் ஸ்ட்ராங், தண்ணி ஊத்திக் குடிச்சா சரியா போச்சு"ன்னு சில பேரு கணக்குப் போடறாங்க.

கணக்கு தப்பு. பீர், விஸ்கியில இருக்கிறது எத்தனால். அதுவே குடும்பத்தைக் கெடுக்குதுங்கிறது வேற பேச்சு. ஐசோபுரோப்பைல் வேற பொருள். மூளையை அமுக்குற வேகத்துல எத்தனாலைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பீர்ல எத்தனால் அஞ்சு சதவீதம் மாதிரி இருக்கும். கடையில விக்கிற ஸ்பிரிட்ல பொதுவா 70 சதவீதம். வயித்துக்குள்ள போனதும் குடலையும் இரைப்பையையும் எரிக்கும், இரத்த வாந்தி வரும். உடம்பு அதை அசிட்டோனா மாத்தும். நகப்பூச்சு அழிக்கிற தண்ணி இருக்கே, அதே அசிட்டோன். குடிச்சவர் மூச்சுல அந்த வாடை வரும். அப்புறம் இரத்த அழுத்தம் இறங்கும், உடம்பு சில்லுன்னு ஆகும், மூச்சு மெதுவாகும், சுயநினைவு போகும். வாந்தி எடுத்து அதுவே மூச்சுக்குழாயில போயி உயிர் போறதும் உண்டு.

இது ஒரு வகை. இதைவிட மோசமானது மெத்தனால். ஸ்டவ் பத்த வைக்கிற, பெயிண்ட் வேலைக்குப் பயன்படுத்துற மெத்திலேட்டட் ஸ்பிரிட்ல இது கலந்திருக்கும், யாரும் குடிக்கக்கூடாதுன்னே கலக்கறாங்க. மலிவுக்கு ஆசைப்பட்டு தயாரிக்கிற கள்ளச் சாராயத்துலயும், சில தரமில்லாத சானிடைசர்லயும் இது வந்திடுது. பார்க்க ஒரே மாதிரி, வாடையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. உடம்புக்குள்ள போனா முதல்ல ஃபார்மால்டிஹைடா மாறும். பிணத்தைக் கெடாம வைக்க உபயோகிக்கிற மருந்து அது. பிறகு ஃபார்மிக் அமிலமா மாறும். நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு அந்தப் பேரு புதுசு இல்ல, ரப்பர் பாலை உறைய வைக்க ஊத்தின அதே ஆசிட்தான். அந்த ஆசிட் நம்ம இரத்தத்துலயே ஊறினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. முதல்ல கண் நரம்பைத்தான் பிடிக்கும். பத்து மில்லி, அதாவது ரெண்டு டீஸ்பூன் சுத்த மெத்தனாலே பார்வையைப் பறிக்கப் போதும். முப்பது மில்லியில உயிரே போகலாம்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்"னு பெரியவங்க சொன்னது இந்த விஷயத்துல எழுத்துக்கு எழுத்து உண்மை.

எங்கேயோ நடந்தது இல்ல

2018 செப்டம்பர் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. நம்ம சிலாங்கூர்லயும் கோலாலம்பூர்லயும் மலிவு விலை மதுவைக் குடிச்சு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. நாற்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. காரணம் மெத்தனால். சாதாரண விஸ்கி, பீர் மாதிரி லேபிள் ஒட்டின போத்தல்தான் அது. செத்தவங்கள்ல பெரும்பாலானோர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தியான்னு பொழைக்க வந்த தொழிலாளிங்க. நம்ம நாட்டுக்காரங்களும் இருந்தாங்க.

தமிழ்நாட்டைப் பாருங்க. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பத்துலயும் செங்கல்பட்டு மாவட்டத்துலயும் இருபது பேருக்கு மேல போனாங்க. விசாரிச்சப்போ தொழிற்சாலைக்குன்னு இருந்த மெத்தனால்தான் வெளிய வந்து சாராயமா வித்திருக்குன்னு போலீஸ் சொன்னாங்க. ஒரு வருஷம்தான் போச்சு, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல அறுபது பேருக்கு மேல. ஒரே தெருவுல வரிசையா பந்தல் போட்டு, பக்கத்துப் பக்கத்துல பிணத்தைக் கிடத்தி அழுததை நாம எல்லாரும் போன்ல பார்த்தோம்.

கோவிட் காலம் இன்னும் கொடுமை. மதுக்கடை மூடினதும் கையில கிடைச்சதையெல்லாம் குடிச்சாங்க. 2020 ஜூலை கடைசியில ஆந்திரா பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுவுல சானிடைசரைக் குடிச்சு பத்துப் பேருக்கும் மேல செத்தாங்க. அதே வருஷம் செங்கல்பட்டுல வார்னிஷ் குடிச்சவங்களும் செத்திருக்காங்க. ஈரான்ல, கிருமியைக் கொல்லும்னு யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பி மெத்தனால் குடிச்சு எழுநூறு பேருக்கும் மேல போனாங்க. அமெரிக்காவுல மட்டும் என்ன? 2020 மே, ஜூன்ல அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்கள்ல சானிடைசர் குடிச்ச 15 பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. நாலு பேர் இறந்தாங்க, மூணு பேர் கண் பாதிப்போட வீடு திரும்பினாங்க.

ஆந்திராவுல இருந்து அமெரிக்கா வரைக்கும் சங்கதி ஒண்ணுதான். அதனால "நம்ம ஆளுங்கதான் இப்படி"ன்னு யாரும் தலைகுனிய வேணாம். "நம்ம ஆளுங்களுக்கு இது வராது"ன்னு யாரும் நிமிரவும் வேணாம்.

உயிரை எடுக்கிறது விஷம் மட்டும் இல்ல, மானமும்தான்

நாங்க முக்கியமா சொல்ல வந்தது இதுதான்.

மெத்தனால் குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. சாதாரண போதை மாதிரித்தான் இருக்கும். சில சமயம் போதையே கம்மியா இருக்கும், அதனால இன்னும் கொஞ்சம் ஊத்துவாங்க. உண்மையான விஷம் வேலை காட்ட அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். கூடவே நல்ல சரக்கும் குடிச்சிருந்தா இன்னும் தள்ளிப் போகும். அந்த நேரம்தான் காப்பாத்தக்கூடிய நேரம். அந்த நேரத்துல வீட்டுல என்ன நடக்குது?

"விடு, குடிச்சிட்டு வந்து படுத்திருக்கு. தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்." பொண்டாட்டி கோவத்துல மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. அம்மா, அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதுன்னு கதவைச் சாத்துறாங்க. மறுநாள் "தலை வலிக்குது, வயிறு புரட்டுது"ன்னா மோர் கொடுக்கிறோம், எலுமிச்சம்பழம் பிழியறோம். "கண்ணு மங்கலா தெரியுது"ன்னா "நேத்து அடிச்ச அடி அப்படி"ன்னு ஏசறோம். சாயங்காலம் மூச்சு வாங்கும்போதுதான் காரைத் தேடறோம்.

அந்தப் பொண்டாட்டியையோ அம்மாவையோ நாங்க குறை சொல்லல. வருஷக்கணக்கா பட்ட வேதனை அப்படி. ஆனா போதைக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாததால ஒரு உசுரு போகக்கூடாது. அதுக்குத்தான் எழுதறோம்.

கீழே இருக்கிறதை மனப்பாடம் பண்ணிக்குங்க:

1. குடிச்சவருக்குக் கண் மங்கினாலோ, பனி மூடின மாதிரி, வெள்ளை வெள்ளையா பூச்சி பறக்கிற மாதிரி தெரியுதுன்னாலோ, அது போதை இல்ல. உடனே ஆஸ்பத்திரி.

2. மறுநாளும் வாந்தி, கடுமையான வயித்து வலி, வேகமா மூச்சு வாங்கறது, குழப்பமா பேசறது, வலிப்பு, எழுப்பினா எழாம இருக்கறது - உடனே ஆஸ்பத்திரி. மூச்சுல நகப்பூச்சு வாடை வந்தாலும் அப்படித்தான்.

3. ஸ்பிரிட், சானிடைசர், பேர் தெரியாத சரக்கு குடிச்சார்னு தெரிஞ்சா, ஒண்ணும் ஆகலன்னாலும் அழைச்சிட்டுப் போங்க. அறிகுறிக்காகக் காத்திருக்காதீங்க.

4. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. மயக்கத்துல இருந்தா மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில பால், காப்பி, மோர் எதையும் ஊத்தாதீங்க.

5. குடிச்ச போத்தலைத் தூக்கி வீசாதீங்க. கையோட எடுத்துட்டுப் போங்க. டாக்டருக்கு அதுதான் துப்பு.

6. கூடக் குடிச்சவங்க யாருன்னு கேட்டு அவங்களையும் தேடிப் பிடிங்க. ஒரே போத்தல்ல குடிச்சவங்க எல்லாருக்கும் ஆபத்து.

ஆம்புலன்சுக்கு 999. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துல இருக்கிற தேசிய விஷ மையம் 1-800-88-8099. ராசாவுல இருந்து கோலகுபு பாரு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அங்க போயி, "குடிச்சிருக்கார்"னு மட்டும் சொல்லாதீங்க. "என்ன குடிச்சார்னு தெரியல, மெத்தனாலா இருக்குமோன்னு பயமா இருக்கு"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை டாக்டருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

மெத்தனாலுக்கு முறிவு மருந்து இருக்கு. இரத்தத்தைச் சுத்தம் பண்ற டயாலிசிஸ் இருக்கு. சீக்கிரம் போனவங்க பிழைச்சிருக்காங்க. சில ஆஸ்பத்திரியில எத்தனாலையே அளந்து முறிவா கொடுப்பாங்க. அதைக் கேள்விப்பட்டு வீட்டுலயே விஸ்கி ஊத்திக் கொடுத்துடலாம்னு யாரும் கிளம்ப வேணாம். அது இரத்தப் பரிசோதனை பார்த்து, மணிக்கு மணி அளந்து டாக்டர் செய்ற வேலை.

சில தப்பான நம்பிக்கைகள்

"பத்த வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும், நீலமா எரிஞ்சா நல்ல சரக்கு." பொய். மெத்தனாலும் நீலமாத்தான் எரியும், பகல்ல நெருப்பே கண்ணுக்குத் தெரியாது.

"ரொட்டியில வடிகட்டினா விஷம் நின்னுடும்." பொய். தண்ணியில கலந்த விஷம் ரொட்டியில நிக்காது.

"உப்புப் போட்டா, கோக் ஊத்தினா முறிஞ்சிடும்." பொய். வாடைதான் மறையும், விஷம் அப்படியே இருக்கும்.

"காய்ச்சினா போயிடும்." அடுப்பு மேல ஸ்பிரிட் வச்சா வீடுதான் போகும்.

"எனக்கு இருபது வருஷப் பழக்கம், ஒண்ணும் ஆகாது." பழக்கம் கண் நரம்பைக் காப்பாத்தாது.

இன்னொண்ணு அம்மாமாருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஸ்பிரிட்டை உடம்புல தேய்ச்சு ஒத்தடம் கொடுக்கிற பழக்கம் சில வீட்டுல இன்னும் இருக்கு. வேணாம். தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உள்ள போயி சின்னப் பிள்ளைங்க மயங்கியிருக்காங்க. சாதாரண தண்ணியில துணி நனைச்சுத் துடைச்சாலே போதும்.

ஏன் குடிக்கிறாங்க?

தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இந்தக் கதை தெரியும். ரப்பர் மரத்தோட கள்ளுக்கடையும் சேர்த்தே வளர்த்தாங்க. சம்பள நாள்ல துரை கொடுத்த காசு அந்தக் கடை வழியா திரும்பிப் போச்சு. அதை எதிர்த்து முதல்ல நின்னதும் நம்ம ஆளுங்கதான். 1941ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல ஆர்.எச். நாதன் தலைமையில வேலை நிறுத்தம் நடந்தப்போ, சம்பள உயர்வு கேட்டாங்க, துரையைப் பார்த்தா சைக்கிள்ல இருந்து இறங்கணும்கிற வழக்கத்தை நிறுத்தச் சொன்னாங்க, கூடவே கள்ளுக்கடையை மூடுன்னும் கேட்டாங்க. பட்டாளம் வந்து சுட்டது. போருக்குப் பிறகு 1947ல கெடாவுல தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் செஞ்சாங்க. "தொண்டர்"ங்கிற பேரைச் சட்டையில குத்திக்கிட்டு நிக்கிற நமக்கு அந்தப் பேரோட கனம் தெரியணும்.

தோட்டம் போயி தாமான் வந்தது. கள்ளு போயி சம்சு வந்தது. சின்னப் போத்தல், சில்லறைக் காசு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வருஷக்கணக்கா சம்சுவுக்கு எதிரா கத்திக்கிட்டே இருந்தாங்க. இன்னிக்கு வரிகட்டின மது விலை ஏறிப்போச்சு. ஏறட்டும், தப்பில்ல. ஆனா விலை ஏறினா குடிகாரன் நிறுத்திடுவான்னு நினைக்கிறது பாதி உண்மை. மீதிப் பேரு இன்னும் மலிவா எது கிடைக்கும்னு தேடறான். அந்தத் தேடல் கடைசியில ஸ்பிரிட் போத்தல்ல வந்து நிக்குது.

ஒண்ணு புரிஞ்சுக்கணும். தினமும் அதிகமா குடிச்ச ஆள் திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், வேர்க்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நடுக்கத்துலதான் எது கிடைச்சாலும் குடிக்கிறாங்க. "சாமி மேல சத்தியம் பண்ணு, இன்னியோட விடு"ன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் வாங்கினா மட்டும் போதாது. சத்தியம் வாங்குங்க, மறுநாள் காலையில அரசாங்க கிளினிக்குக்கும் அழைச்சிட்டுப் போங்க. நம்பிக்கையும் வேணும், மருந்தும் வேணும்.

கோயில்ல என்ன செய்யணும்?

சில பேருக்குக் கோவம் வரும்னு தெரிஞ்சேதான் இதை எழுதறோம்.

ஒண்ணு, முனீஸ்வரருக்கும் காவல் தெய்வங்களுக்கும் சாராயம், சுருட்டு வச்சுப் படைக்கிறது பல குடும்பத்து வழக்கம். அந்த வழக்கம் சரியா தப்பான்னு நாங்க இங்க தீர்ப்புச் சொல்லல. ஆனா சீல் உடைச்ச போத்தல், லேபிள் இல்லாத போத்தல், "தோட்டத்துல ஒருத்தர் காய்ச்சினது"ன்னு வர்ற சரக்கு, இதெல்லாம் சந்நிதிக்கு வரக்கூடாது. படையல் முடிஞ்சதும் அதைப் பிரசாதம்னு சொல்லி இளைஞர்களுக்கு ஊத்திக் கொடுக்கிறதும் நிக்கணும். "சாமிக்கு வச்சது, ஒண்ணும் செய்யாது"ன்னு ஒருத்தர் சொன்னார். சாமிக்கு வச்ச பால் கெட்டுப்போனா குடிப்போமா? சாமி பேரைச் சொல்லி விஷத்தைச் சோதிக்கிறது பக்தி இல்ல.

ரெண்டு, ஸ்பிரிட், சானிடைசர், தரை கழுவுற மருந்து எதையும் தண்ணி போத்தல்ல, சிரப் போத்தல்ல ஊத்தி வைக்கக்கூடாது. வந்த டப்பாவுலயே, பூட்டின அலமாரியில இருக்கணும். தீர்த்தம் கொடுக்கிற இடத்துல, அன்னதானச் சமையல்கட்டுல அது இருக்கவே கூடாது. வீட்டுலயும் இதே சட்டம்தான். பிள்ளைங்க தாகத்துல வந்து எந்தப் போத்தலை எடுக்கும்னு யாருக்குத் தெரியும்?

மூணு, சானிடைசர் போட்ட கையோட ஆரத்தி எடுக்காதீங்க. நல்லா காய்ஞ்ச பிறகு தொடுங்க. ஸ்பிரிட் ஆவி நம்ம ஊர்ச் சூட்டுலயே பத்திக்கும். கற்பூரம், விளக்கு, சேலைத் தலைப்பு எல்லாம் பக்கத்துலயே இருக்கு.

நாலு, பேக்டரியில வேலை செய்ற நம்ம தம்பிங்களுக்கு. புக்கிட் பெருந்தோங், செரண்டா, பத்தாங் காலின்னு எத்தனையோ பேர் சூப்பர்வைசர், லைன் லீடரா இருக்கீங்க. ஐ.பி.ஏ., தின்னர் எல்லாம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போச்சுன்னு கணக்கு எழுதுங்க. ரெண்டு லிட்டர் குறைஞ்சா ஆவியாப் போச்சுன்னு விட்டுடாதீங்க. அரைப் போத்தல் ஸ்பிரிட்டை "வீட்டுக்கு வேணும்"னு யாரு கேட்டாலும் கொடுக்காதீங்க. ஹாஸ்டல்ல இருக்கிற நேப்பாளி, வங்காளதேசி, தமிழ்நாட்டுத் தம்பிகளுக்கு அவங்களுக்குப் புரியிற பாஷையில சொல்லி வைங்க. டிரம்ல ஒட்டியிருக்கிற எச்சரிக்கைப் படத்துக்கு அர்த்தம் என்னன்னு தெரிஞ்சா பாதி உயிர் பிழைக்கும். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அவங்களும் நம்ம வரிசையிலதான் நிக்கிறாங்க. 2018ல அதிகமா செத்தது அந்த மாதிரிப் பிள்ளைங்கதான். ஊர்ல அவங்களுக்கும் ஒரு அம்மா காத்திருக்காங்க.

அஞ்சு, ராத்திரி எந்நேரமானாலும் சரி, யாராவது மயங்கிக் கிடந்தா தொண்டர்களைக் கூப்பிடுங்க. கார் அனுப்பறோம். ஏன் குடிச்சான், எங்க குடிச்சான்னு கேட்க மாட்டோம். வெளிய பேசவும் மாட்டோம்.

கோயில்னா நல்லவங்க மட்டும் வர்ற இடம் இல்ல. தள்ளாடி வந்து வாசல்ல உக்கார்ற ஆளும் அம்பாளுக்குப் பிள்ளைதான். அவனைத் திருத்தறதுக்கு நாள் இருக்கு. திருத்தணும்னா முதல்ல அவன் உயிரோட இருக்கணும்.

இந்தத் திருவிழாவுக்குக் கொடி ஏறுறதுக்கு முன்னாடி ஆலய ஸ்டோர் முழுக்கச் சுத்தம் ஆயிடும். உங்க வீட்டு அடுப்படி அலமாரி, பாத்ரூம் மூலை, கார் டிக்கி, இதையும் இன்னிக்கே ஒரு தடவை பாருங்க. பேர் தெரியாத போத்தல் எது இருந்தாலும் வைக்காதீங்க. படிச்சவங்க நாலு பேருக்கு அனுப்புங்க.

எல்லாரும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள், ராசா